அப்பாவின் கேசட் பெட்டியைத் திறக்கும் முன்

நீங்கள் கேட்டதன் சுருக்கம் இது. வயது 26. பாட்டுச் செயலியில் கோடிக்கணக்கில் பாட்டு இருந்தும் ஒரு பாட்டை முழுதாகக் கேட்டு மாதக்கணக்காகிறது. கையில் பிடித்துக் கேட்கிற ஒன்றுக்குத் திரும்ப ஆசை. எல்பி (இசைத்தட்டு) பிளேயர் வாங்கலாமா? இல்லை, பரணில் இருக்கும் அப்பாவின் டிரங்குப் பெட்டியை இறக்கலாமா? அதில் 150 கேசட்டுக்குக் குறையாது, பாதிக் கேசட்டில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அப்புறம், பழைய சாமான்களில் ஒலி மேல் என்கிறார்களே, அது உண்மையா, மோகமா?

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதில்தான் நிறையப் பேர் காசை விடுகிறார்கள்.

நான் 1986இல் மதுரையில் ஒரு ரெக்கார்டிங் சென்டரில் வேலைக்குச் சேர்ந்து எட்டு வருடம் இருந்தேன். அதன்பின் டேப் ரெக்கார்டர் ரிப்பேர். அதுவும் ஓய்ந்த பிறகு வேறு பிழைப்பு. இப்போது சில வருடங்களாக மறுபடியும் கேசட்டுகள் என் மேஜைக்கு வர ஆரம்பித்திருக்கின்றன. ஆக, பழையதன் மேல் எனக்குப் பாசம் இல்லாமல் இல்லை. இருந்தும் சொல்கிறேன்: அளந்து பார்த்தால் கேசட் தோற்றுத்தான் போகும்.

மிக மெல்லிய சத்தத்துக்கும் மிக உரத்த சத்தத்துக்கும் நடுவே எவ்வளவு இடைவெளியைப் பிடிக்க முடியும் என்று ஒரு கணக்கு உண்டு. சிடிக்கு அது 96 டெசிபல். நல்ல நிலையில் இருக்கும் எல்பிக்கு 70ஐ ஒட்டி. சாதாரணக் கேசட்டுக்கு 50 சொச்சம். கேசட்டில் பாட்டு தொடங்கும் முன் கேட்கிற ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சல் இந்தக் குறையால் வருவதுதான். கேசட்டைக் குறை சொல்லியும் பயனில்லை. 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் பெர்லின் கண்காட்சியில் அதை முதலில் காட்டியபோது பேச்சைப் பதிவு செய்கிற சின்னக் கருவியாகத்தான் நினைத்தார்கள். நாடாவின் அகலம் 4 மில்லிமீட்டர்கூட இல்லை. அந்த அகலத்துக்குள் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து நான்கு தடங்கள் ஓட வேண்டும். வேகம் வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர். அந்தக் காலத்து ஸ்டூடியோ நாடா வினாடிக்கு 38 சென்டிமீட்டர் ஓடும். இந்தக் குச்சி உடம்பில் இவ்வளவு சங்கீதம் வந்ததே பெரிது.

எல்பி கதை வேறு. அதில் எனக்குப் பிடித்த ஒரு குறை உண்டு. தட்டு ஒரே வேகத்தில் சுற்றுகிறது, நிமிடத்துக்கு 33⅓ சுற்று. ஆனால் ஊசி வெளி ஓரத்தில் இருக்கும்போது ஒரு வினாடிக்கு அரை மீட்டர் தூரம் பள்ளத்தில் ஓடும். நடு லேபிளை நெருங்கும்போது அது 20 சென்டிமீட்டர் அளவுக்குக் குறைந்துவிடும். அதே ஒரு வினாடிப் பாட்டைப் பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்கி எழுதியாக வேண்டும். அதனால் ஒவ்வொரு பக்கத்திலும் கடைசிப் பாட்டு கொஞ்சம் மங்கல்தான். கடையில் எல்பியிலிருந்து கேசட்டுக்கு மாற்றும்போது ‘கடைசிப் பாட்டில் ஜாலரா கொரகொரக்குது’ என்று வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார். எங்கள் ஊசி மேல் பழி போடுவார். பழி பள்ளத்தின் மேல்.

அப்படியானால் பழைய எல்பியில் சில பாட்டுகள் ஏன் அவ்வளவு நன்றாக இருக்கின்றன? பெரும்பாலும் தட்டினால் இல்லை. அந்தப் பாட்டைத் தட்டுக்கு ஏற்றபடி செதுக்கியவரின் காதினால். 1990களுக்குப் பிறகு சிடியில் வந்த பல பதிப்புகளில் எல்லாவற்றையும் ஒரே உரப்பில் தூக்கி நிறுத்திவிட்டார்கள். மிருதங்கத்துக்கும் மூச்சுக்கும் ஒரே உயரம். அந்தச் சிடியோடு பழைய தட்டை ஒப்பிட்டால் தட்டு ஜெயிக்கும். புதிதாக அச்சாகும் எல்பிகளிலோ முக்கால்வாசி டிஜிட்டல் பதிவிலிருந்து வெட்டியவை. 2022இல் அமெரிக்காவில் மொபைல் ஃபிடெலிட்டி என்ற நிறுவனத்தின் விலையுயர்ந்த தட்டுகளே நடுவில் டிஜிட்டல் படி ஒன்றைத் தாண்டி வந்தவை என்பது வெளியே வந்தது. அதுவரை ‘டிஜிட்டல் வாடையே இல்லை, என்ன ஒரு கதகதப்பு’ என்று அவற்றைப் புகழ்ந்தவர்கள் தேர்ந்த காதுக்காரர்கள். அந்த வருடம் அமெரிக்காவில் எல்பி 4 கோடிக்கு மேல் விற்றது, சிடி மூன்றேகால் கோடியை ஒட்டி. எண்ணிக்கையில் எல்பி முந்தியது 1987க்குப் பிறகு அதுவே முதல் தடவை. வியாபாரம் உண்மை. ஒலி மேல் என்பது பாதி மோகம்.

சரி, ஒலிக்காகத் திரும்ப வேண்டியதில்லை என்றால் எதற்காகத் திரும்புவது? அதற்கு இரண்டு காரணம் சொல்வேன். ஒன்று சின்னது.

சின்னக் காரணம், செயலியில் இருப்பது உங்களுடையது இல்லை. ஸ்பாட்டிஃபை இந்தியாவுக்கு வந்தது 2019 பிப்ரவரியில். ஏப்ரலுக்குள் சரிகம நிறுவனத்தோடு வழக்கு டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய், சரிகம வசமிருந்த பாட்டுகளை எடுத்துவிட ஒப்புக்கொண்டார்கள். பழைய ஹெச்.எம்.வி. தான் சரிகம; நம் அப்பா, தாத்தா கேட்ட பாட்டுகளில் பெரும்பங்கு அவர்கள் கையில் இருக்கிறது. 2020 மே மாதம் சமாதானம் ஆகும்வரை ஏறக்குறைய ஓராண்டு அவை அங்கே இல்லை. மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளத்தின் கதை இன்னும் மோசம். 2003 முதல் 2015 வரை ஆட்கள் ஏற்றிவைத்த பாட்டுகள் சர்வர் மாற்றும்போது போய்விட்டன என்று 2019இல் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார்கள். 2009இல் அமேசான், காசு கொடுத்து வாங்கியவர்களின் கிண்டிலிலிருந்தே ஒரு நாவலைத் திரும்ப உருவிக்கொண்டது. பரணில் இருக்கும் கேசட்டை யாரும் இப்படி வந்து உருவிக்கொண்டு போக முடியாது. பூஞ்சை எடுத்துக்கொள்ளலாம், அது வேறு கதை, பின்னால் வருகிறேன்.

பெரிய காரணம் அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள எங்கள் கடை எப்படி ஓடியது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும்.

வாடிக்கையாளர் ஒரு சீட்டோடு வருவார். பள்ளிக்கூட நோட்டில் கிழித்த தாள், 12 பாட்டின் முதல் வரி, சில நேரம் படத்தின் பெயர், சில நேரம் ‘மோகன் சைக்கிள்ல வர்ற பாட்டு’ என்ற அடையாளம் மட்டும். கூடவே ஒரு வெற்றுக் கேசட்டுக்குக் காசு. வசதிக்குத் தக்கபடி டிடிகே, சோனி, இல்லாவிட்டால் மெல்ட்ராக். 60 என்றால் பக்கத்துக்கு 30 நிமிடம். எல்பியின் லேபிளில் ஒவ்வொரு பாட்டின் நேரமும் அச்சாகியிருக்கும். அதைப் பார்த்துக் கூட்டல் போடுவதுதான் என் முதல் வேலை. நாலு இருபது, நாலு முப்பத்தைந்து, ஐந்து பத்து என்று கூட்டிக்கொண்டே வந்தால் 30 நிமிடத்தில் ஆறு பாட்டு அடங்கும், ஏழாவது தலையை நீட்டும். சரணத்தின் நடுவில் நாடா தீர்ந்து ‘டக்’ என்று நின்றால் மறுநாள் அவர் வந்து நிற்பார். அதனால் வரிசையை மாற்றுவோம். சோகப் பாட்டு இரண்டு அடுத்தடுத்து வரக்கூடாது என்று சிலர் கண்டிப்பாகச் சொல்வார்கள். கல்யாணத்துக்கு என்றால் முதல் பாட்டு சாமி பாட்டு. ஒரு மணி நேரக் கேசட் பதிய ஒரு மணி நேரம் ஆகும், வேகமாக ஓட்ட வழியில்லை. ஊசியை வைத்து, டெக்கில் (கேசட்டை ஓட்டிப் பதியும் கருவி) ‘பாஸ்’ என்ற நிறுத்திவைக்கும் பொத்தானை விட்டு, பாட்டு முடிந்ததும் மறுபடி பாஸ் போட்டு, தட்டை மாற்றி. (இது சட்டப்படி திருட்டுத்தான். ஊர் ஊருக்கு இந்தத் திருட்டுக் கடை போர்டு வைத்து நடந்தது, அதில் நானும் சம்பளம் வாங்கினேன். மறைத்துப் பேச ஒன்றுமில்லை.)

இரண்டு பக்கமும் சேர்த்துப் பன்னிரண்டு பாட்டுக்கு இடம், ஆசைப்பட்டது பதினைந்து. எதை விடுவது என்று அந்த ஆள் கடை வாசலில் நின்று தலையைச் சொறிந்த கால் மணி நேரம் இருக்கிறதே, அதுதான் அந்தக் கேசட். உங்கள் அப்பாவும் எங்கேயோ ஒரு கடை வாசலில் அப்படி நின்றிருப்பார். பாட்டு எல்லாம் செயலியில் இருக்கிறது, இதைவிடத் தெளிவாக இருக்கிறது. அந்த வரிசை அங்கே இல்லை.

ஆகவே பெட்டியைத் திறந்ததும் மூன்று குவியலாகப் பிரியுங்கள். அட்டை அச்சாகி வந்த கம்பெனி கேசட்டுகள் ஒரு குவியல்: எக்கோ, சங்கீதா, ஏ.வி.எம்., இன்ரெகோ, ஹெச்.எம்.வி. என்று இருக்கும். பக்திப் பாட்டும் கதை வசனமும் நிறைய இருக்கும். இவை போனாலும் உலகத்தில் வேறு பிரதி உண்டு. இரண்டாவது, கடையில் பதிந்த சீட்டுக் கேசட்டுகள். மூன்றாவது, வீட்டில் பதிந்தவை. இந்த மூன்றாவது குவியலை அடையாளம் காண்பதுதான் கஷ்டம். ரேடியோவிலிருந்து பதிந்தது, காது குத்தில் பதிந்தது, தாத்தாவைப் பேசச் சொல்லிப் பதிந்தது, எல்லாம் கலந்திருக்கும். லேபிளில் ‘இலங்கை வானொலி’ என்றோ, வெறும் தேதியோ, ‘அழிக்காதே’ என்றோ எழுதியிருந்தால் மூன்றாவது குவியலில் போடுங்கள். தென் மாவட்டங்களில் இலங்கை வானொலி தமிழ்ச் சேவைதான் எங்களுக்கு உள்ளூர் ஸ்டேஷன் மாதிரி. பாட்டுக்கு நடுவே வரும் அந்த அறிவிப்பாளர்களின் குரலை அன்றைக்கு நாங்கள் எரிச்சலோடு வெட்டியெறிவோம். இன்று அந்தக் குரலுக்காகத்தான் ஆட்கள் கேசட் தேடுகிறார்கள்.

இனி வேலை. எந்தக் கேசட்டையும் எந்த டெக்கிலும் போடும் முன் அதன் முதுகுப் பக்கத்தைப் பாருங்கள். இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு பிளாஸ்டிக் காது இருக்கும். உடைந்திருந்தால் நல்லது. உடையாமல் இருந்தால் ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவரால் இரண்டையும் உடைத்துவிடுங்கள். அந்தக் காது இருக்கும்வரை, யாராவது தெரியாமல் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் பழையது அழிந்து அதன் மேல் உங்கள் வீட்டு மிக்ஸி சத்தம் பதிவாகும். 150 கேசட்டுக்கும் சேர்த்து ஒரு மணி நேர வேலை. இதை முதலில் செய்யாமல் நேரே போட்டுக் கேட்டு, இருபது வினாடி தாத்தாவை அழித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, வெளிச்சத்தில் காட்டி ஜன்னல் வழியாக நாடாச் சுருளைப் பாருங்கள். பழுப்பாக, பளபளப்பாக, சமமாக இருந்தால் சரி. சுருளின் மேல் வெள்ளையாக மாவு தூவியது போல் இருந்தால் அது பூஞ்சை. சென்னை, தூத்துக்குடி மாதிரி கடற்கரை ஊர்ப் பரணில் இருந்தவற்றில் சகஜம். அதை நல்லவற்றோடு சேர்த்து வைக்காதீர்கள், நல்ல டெக்கிலும் போடாதீர்கள். ஹெட்டில் (நாடா உரசி ஓடும், ஒலியைப் படிக்கும் பாகம்) ஒட்டி அடுத்த கேசட்டுக்குத் தொற்றும். மூக்கில் துணி கட்டிக்கொண்டு, வேண்டாத ஒரு பழைய டேப் ரெக்கார்டரில் நாடாவை மெல்லிய உலர்ந்த துணிக்கு நடுவே விட்டுச் சுற்றித் துடைப்பதுதான் வழி. பொறுமை இல்லாதவர்கள் இதைத் தெரிந்தவரிடம் கொடுத்துவிடலாம்.

நாடாவை ஒருமுறை முழுக்க முன்னே ஓட்டி, முழுக்கப் பின்னே சுற்றிய பிறகே கேட்க ஆரம்பியுங்கள். முப்பது வருடம் ஒரே இறுக்கத்தில் கிடந்த சுருள் அப்போதுதான் தளரும். சில கேசட்டில் பாட்டு தொடங்கும் ஓரிரு நொடி முன்பு அதே பாட்டு மிக மெல்லியதாக எங்கோ கேட்கும். பயப்படாதீர்கள், பேய் இல்லை. சுருளில் ஒரு சுற்றின் காந்தம் பக்கத்துச் சுற்றில் லேசாகப் பதிந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

எதில் போடுவது? இப்போது புதிதாக வருகிற மலிவுப் பிளேயர்கள் வேண்டாம். ஜப்பானில் தனாஷின் என்ற கம்பெனி செய்துவந்த நல்ல ஓட்டுப்பொறிகள் நின்றுபோய்ப் பல வருடமாகிறது. இன்று வருபவற்றில் பெரும்பாலும் அதைப் பார்த்துச் செய்த நகல்கள். கனமான சக்கரம் இல்லாததால் நீண்ட ஸ்வரம் வந்தால் குரல் ஆடும். நாதஸ்வரத்தைப் போட்டால் உடனே காட்டிக்கொடுத்துவிடும். கம்ப்யூட்டரில் நேராகச் செருகும் வகையும் இதே ஜாதிதான். அதற்குப் பதில், யார் வீட்டிலாவது சும்மா கிடக்கும் பழைய சோனி, பானாசோனிக் டெக்கோ, வளைகுடாவிலிருந்து பெரியப்பா கொண்டுவந்த டூ இன் ஒன்னோ (ரேடியோவும் டேப்பும் சேர்ந்தது) கிடைத்தால் வாங்குங்கள். ஓடாவிட்டாலும் பரவாயில்லை. பத்தில் ஏழு எட்டில் உள்ளே ரப்பர் பெல்ட் இளகித் தார் போலக் கிடக்கும், அதை வழித்தெடுத்துப் புது பெல்ட் மாட்டினால் எழுந்து உட்காரும். சென்னையில் இருந்தால் ரிச்சி தெருவில் கேட்டுப் பாருங்கள்.

ஹெட்டைத் துடைக்கப் பஞ்சுக் குச்சியும் 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் போதும். மருந்துக் கடையில் தருகிற சாதாரண ஸ்பிரிட்டில் தண்ணீர் அதிகம். ஹெட்டையும் அதன் பக்கத்தில் சுழலும் மெல்லிய இரும்புத் தண்டையும் துடைத்தால் பஞ்சு காப்பிப் பொடி நிறத்தில் வரும். கறுப்பு ரப்பர் உருளையை மட்டும் ஆல்கஹாலில் ஊறவைக்காமல், ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள்.

அதன்பின் வேகம். செயலியில் 4 நிமிடம் 30 வினாடி ஓடுகிற ஒரு பாட்டு உங்கள் டெக்கில் 4 நிமிடம் 22 வினாடியில் முடிந்தால் டெக் 3 சதவீதம் வேகமாக ஓடுகிறது. சுருதி கால் கட்டைக்கு மேல் ஏறியிருக்கும். பெரும்பாலான மோட்டாரின் பின்புறம் ஒரு துளை இருக்கும், உள்ளே ஒரு சின்னத் திருகு. அதை மயிரிழை திருப்பிச் சரிசெய்யலாம். ஹெட்டின் பக்கவாட்டிலும் ஒரு ஸ்க்ரூ உண்டு. கேசட் மந்தமாக, கம்பளிக்குள்ளிருந்து கேட்பது போல் இருந்தால் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டே கேளுங்கள். ஓரிடத்தில் சட்டென்று திரை விலகியது போல ஜாலரா தெளியும். அங்கே நிறுத்துங்கள். ஒவ்வொரு கேசட்டும் ஒவ்வொரு டெக்கில் பதிந்தது என்பதால் இந்த இடமும் கேசட்டுக்குக் கேசட் மாறும். பல வேகத்தில் மொத்தமாகப் பிரதி எடுத்த கம்பெனி கேசட்டுகளில்தான் இந்தக் கோணல் அதிகம் என்பது என் அனுபவம்.

கணினிக்கு மாற்ற, டெக்கின் லைன் அவுட்டிலிருந்து வயர் இழுத்து ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ் (ஒலியைக் கணினிக்குள் கொண்டுபோகும் சின்னக் கருவி) வழியாக ஆடாசிட்டி என்ற மென்பொருளில் பதியுங்கள், இலவசமாகவே கிடைக்கிறது. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் போதும். ஒரு மணி நேரக் கேசட் ஏறக்குறைய 1 ஜிபி எடுக்கும். இரைச்சலை நீக்குகிற கருவியைத் தொடாமல் முதலில் அப்படியே ஒரு பிரதி வையுங்கள், விளையாட்டெல்லாம் இன்னொரு பிரதியில். லேபிளையும் உள்ளட்டையையும் படம் எடுத்து அதே ஃபோல்டரில் போடுங்கள்.

எதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று தோன்றினால் ஒன்று சொல்கிறேன். போன வருடம் கீழக்கரைப் பக்கமிருந்து ஓர் அம்மா வந்தார். ஒரே ஒரு கேசட், உறை இல்லை, லேபிளில் பேனா மை கலைந்திருந்தது. அவருடைய வாப்பா துபாயில் வேலை பார்த்த காலம். கடிதம் எழுத வராத உம்மா, கேசட்டில் பேசி, ஊரிலிருந்து போகிற யார் கையிலாவது கொடுத்தனுப்புவாராம். அப்போது அந்தப் பக்கங்களில் இது வழக்கம். பதிலும் கேசட்டிலேயே வரும், அதே கேசட்டில் அழித்துப் பேசி அனுப்புவதும் உண்டு. இந்த ஒன்று மட்டும் வாப்பாவின் பெட்டியில் அழியாமல் ஊர் வந்திருக்கிறது.

போட்டதும் சத்தம் வந்து வந்து போனது. பிரித்தேன். நான்கு மூலையில் நான்கு, நடுவில் ஒன்று, ஐந்து ஸ்க்ரூ. மேல் மூடியைத் தூக்கினால் நாடாவை ஹெட்டோடு ஒட்டிப் பிடிக்கிற பஞ்சுத் துண்டு, அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரியது, பசை காய்ந்து கீழே விழுந்து கிடந்தது. செம்புத் தகடு மட்டும் மொட்டையாக நின்றது. இதுதான் பழைய கேசட்டுகளில் அடிக்கடி வருகிற நோய். ஓட்டாத ஒரு பக்திக் கேசட்டைப் பிரித்து, அதன் கூட்டை வைத்துக்கொண்டு, இந்த நாடாச் சுருள் இரண்டையும் விரல் படாமல் அதற்குள் இறக்கி, ரோலர் வழியாக நாடாவை வளைத்து, மூடி, ஸ்க்ரூவை இறுக்காமல் முடுக்கினேன். பென்சிலை விட்டு நாலு சுற்று. ஓடியது.

ஒரு பக்கம் நன்றாகவே இருந்தது. சேவல் கூவுவது, பக்கத்து வீட்டுக் குழாயடிச் சத்தம், நடுவே உம்மாவின் பேச்சு. இரண்டாம் பக்கத்தின் பாதியிலிருந்து குரல் மெல்ல மெல்ல ஏறி, முடிவில் சின்னப் பிள்ளை கீச்சுக்குரலில் அவசர அவசரமாகப் பேசுவது போலாகிவிட்டது. அந்த அம்மா முகம் சுண்டிப்போய், ‘இது உம்மா இல்லீங்க, யாரோ’ என்றார். யாரோ இல்லை. பதிவு செய்யும்போது பேட்டரி தீர்ந்துகொண்டே வந்திருக்கிறது. நாடா மெதுவாக ஓடிப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் குரல் ஏறித்தான் கேட்கும். கணினியில் அந்தப் பகுதியைத் துண்டு துண்டாக்கி, தொடக்கத்தில் கொஞ்சமாக, போகப் போக இன்னும் அதிகமாக வேகத்தை இறக்கினேன். குரல் கீழே இறங்கி வந்தது. மளிகைக் கடைப் பாக்கி 42 ரூபாய், கூரைக்கு ஓலை மாற்றியது, யாருக்கோ கைமாற்றாகக் கொடுத்த 300 ரூபாய் இன்னும் வரவில்லை. அந்த அம்மா சிரித்துவிட்டார். ‘கணக்குச் சொல்லும்போது மட்டும்தான் உம்மா இப்படி இழுப்பாங்க.’

இதில் நாடா மட்டும் இருந்திருந்தால் கீச்சுக்குரலோடு போயிருக்கும், கணினிதான் கைகொடுத்தது. ‘டிஜிட்டலை விட்டுவிட்டேன்’ என்று சபதம் போடுகிறவர்களிடம் எனக்கு ஒட்டுதல் இல்லாததற்கு இதுவும் காரணம்.

எல்பி பற்றியும் கேட்டீர்கள். வாங்க வேண்டாம் என்று சொல்லவில்லை, இப்போது வேண்டாம் என்கிறேன். ஒரு புதுத் தட்டின் காசில் செயலிக்குப் பல மாதச் சந்தா கட்டிவிடலாம். வாங்கியே தீருவேன் என்றால் சூட்கேஸ் வடிவத்தில் அழகாக வருகிற பிளேயர்களை விட்டு ஒதுங்குங்கள். நல்ல பிளேயரில் ஊசியின் பாரம் 2 கிராமை ஒட்டி இருக்கும், பாரத்தைக் கூட்டிக் குறைக்க வழியும் இருக்கும். இவற்றில் பல 5, 6 கிராம் வைத்து உழும். தட்டில் பேஸைக் குறைத்து ட்ரெபிளைக் கூட்டித்தான் வெட்டியிருப்பார்கள் என்பதால் அதைத் திருப்பிச் சரிசெய்யும் ஃபோனோ ப்ரீஆம்ப் ஒன்றும் தேவை. பிளேயரிலேயே இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். தாத்தா காலத்து 78 தட்டு ஏதாவது பெட்டியடியில் அகப்பட்டால் அதை எல்பி ஊசியால் தொடாதீர்கள். அவை அரக்கில் செய்தவை. கீழே விட்டால் அப்பளம்தான். கிட்டப்பாவும் கே.பி.சுந்தராம்பாளும் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடச் சொச்சத்தில் ஒரு பாட்டை முடித்துக் கொடுத்தது இந்தத் தட்டில்தான்.

டைரி, மைப்பேனா, ஃபிலிம் கேமரா என்று மற்றதையும் ஒரே மூச்சில் தொடங்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். ஒவ்வொன்றாகப் போங்கள். எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் வாங்கியவர்கள் ஆறு மாதத்தில் எல்லாவற்றையும் விற்றதைப் பார்த்திருக்கிறேன். ஃபிலிம் மட்டும் தனிச் செலவு. ஊட்டியில் நாமே ‘இந்து’ என்ற பெயரில் ஃபிலிம் செய்துகொண்டிருந்த காலம் இல்லை இது. ரோலும் கழுவுவதும் வெளியூர் விலை.

கேட்கிற பழக்கத்துக்கு வருவோம். டெக் தயாரான பிறகு ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள், 30 நிமிடம். பிடிக்காத பாட்டு வந்தாலும் ஓட்டித் தள்ளாதீர்கள், தள்ளினால் எங்கே நிற்கும் என்று தெரியாது, அதற்குள் பாட்டே முடிந்துவிடும். நாங்கள் பிடிக்காத பாட்டையெல்லாம் மனப்பாடம் செய்தது இந்தச் சோம்பலில்தான். அவற்றில் இரண்டு மூன்று பின்னாளில் பிடித்தும் போயிற்று.

கடைசியாக, லேபிளே இல்லாத கேசட்டுகள். பெட்டியில் பத்தாவது இருக்கும். முதல் பாட்டைக் கேட்டுவிட்டு ‘இது செயலியில் இருக்கிறதே’ என்று கம்பெனி கேசட்டுக் குவியலில் தள்ளிவிடாதீர்கள். 60 என்று போட்டிருந்தாலும் நாடா பக்கத்துக்கு அரை நிமிடம், ஒரு நிமிடம் கூடவே ஓடும். கடையில் ஆறு பாட்டு பதிந்து மீதி இரண்டு மூன்று நிமிடம் வெற்றாக விட்டிருப்போம். வீட்டில் பிள்ளைகள் பேசிப் பார்த்ததெல்லாம் பெரும்பாலும் அந்த வெற்றிடத்தில்தான். ஏ பக்கத்தின் கடைசிப் பாட்டு முடிந்து இரைச்சல் மட்டும் வரும்போது கையை எடுத்துக்கொண்டு, நாடா தானாக ‘டக்’ என்று நிற்கும்வரை ஓட விடுங்கள். அப்புறம் திருப்பிப் போட்டு பி பக்கத்தையும்.